வட வேல்ஸின் நான்கு கோட்டைகள்: முதல் முறை போகிறவர்களுக்கு

ஐரோப்பாவில் கோட்டை பார்க்க ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் நாட்டுக்கு ஒன்றாகப் பட்டியல் போடுகிறார்கள். ஊர் ஊராக ஓடி முடித்ததும் எது எங்கே இருந்தது என்பதே குழம்பிவிடுகிறது. முதல் பயணத்துக்கு எங்கள் பரிந்துரை வேல்ஸின் வடமேற்குக் கரை. கான்வி, கெயர்னார்வன், போமாரிஸ், ஹார்லெக் ஆகிய நான்கு கோட்டைகளும் ஒரே அரசருக்காக, ஒரே கட்டடத் தலைவரின் மேற்பார்வையில், 1283-க்கும் 1295-க்கும் இடையே தொடங்கப்பட்டவை. கார் தேவையில்லை. பஸ்ஸும் ரயிலுமே போதும். மூன்று நாளில் நான்கையும் நிதானமாகப் பார்க்கலாம். ஒரே கை நான்கு இடங்களில் நான்கு விதமாகக் கட்டியிருப்பதை அடுத்தடுத்த நாளில் பார்ப்பதால், கோட்டை என்பது எப்படி வேலை செய்யும் என்பது பிடிபட்டுவிடும். பிறகு ஐரோப்பாவில் எந்தக் கோட்டைக்குப் போனாலும் உங்களுக்கே புரியும்.

ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். இந்தக் கோட்டைகளுக்குள் அரண்மனைச் சாமான்கள் எதுவும் இல்லை. பெரும்பாலான கோபுரங்களில் கூரையும் தளமும்கூட இல்லை. சிம்மாசனம், கட்டில், வாள் என்று எதிர்பார்த்துப் போகிறவர்கள் அரை மணியில் வெளியே வந்துவிடுவார்கள். இங்கே பார்க்க வேண்டியது சுவரைத்தான். சுவரில் இருக்கும் ஒவ்வொரு துளைக்கும் பள்ளத்துக்கும் ஒரு காரணம் உண்டு.

பின்னணி சுருக்கமாக. 1282 டிசம்பரில் க்வினெத் நாட்டின் இளவரசர் லெவெலின் அப் கிரிஃபித் போரில் கொல்லப்பட்டார். அடுத்த ஆண்டே இங்கிலாந்து அரசர் முதலாம் எட்வர்ட் கான்வி, கெயர்னார்வன், ஹார்லெக் மூன்றிலும் வேலையைத் தொடங்கினார். கட்டடத் தலைவர், சவோய் பகுதியிலிருந்து வந்த மாஸ்டர் ஜேம்ஸ். 1294-இல் மாடாக் அப் லெவெலின் தலைமையில் வேல்ஸ் மக்கள் கிளர்ந்தெழுந்தார்கள்; அது அடக்கப்பட்ட பிறகு, 1295-இல் ஆங்கிள்சி தீவில் போமாரிஸ் தொடங்கியது. நான்கையும் யுனெஸ்கோ 1986-இல் உலகப் பாரம்பரியச் சின்னமாகச் சேர்த்தது.

சுற்றியிருக்கும் நிலம் முழுவதும் பகை, கடல் மட்டும் நம்முடையது என்ற கணக்கில் கட்டப்பட்டவை இவை. ஆகவே எந்தக் கோட்டைக்குப் போனாலும் இரண்டு கேள்விகளை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். தரைப் பக்கம் வருகிறவனை எப்படித் தடுத்தார்கள்? கடல் பக்கம் வரும் சாப்பாட்டை எப்படி உள்ளே எடுத்தார்கள்? இந்த இரண்டுக்கும் விடை தேடிக்கொண்டே நடந்தால் போதும், வழிகாட்டிப் புத்தகம் இல்லாமலே பாதி விஷயம் விளங்கிவிடும்.

கிளம்பும் முன்

இந்தியாவிலிருந்தோ இலங்கையிலிருந்தோ வருகிறவர்கள் கவனிக்க: ஷெங்கன் விசா பிரிட்டனுக்குச் செல்லாது. பிரிட்டன் விசா தனியாக எடுக்க வேண்டும்.

நான்கு கோட்டைகளையும் பராமரிப்பது வேல்ஸ் அரசின் பாரம்பரியத் துறையான கடூ. ஒவ்வொன்றுக்கும் தனி டிக்கெட் உண்டு. ஆனால் 3 நாள் எக்ஸ்ப்ளோரர் பாஸ் வாங்கினால் 7 நாளுக்குள் எந்த 3 நாளிலும் பயன்படுத்தலாம். நாட்கள் அடுத்தடுத்து இருக்க வேண்டியதில்லை. இணையதளத்தில் நான்கு டிக்கெட்டின் விலையையும் கூட்டிப் பார்த்து, பாஸ் விலையோடு ஒப்பிட்டு முடிவெடுங்கள். இங்கிலாந்தின் ‘இங்கிலீஷ் ஹெரிடேஜ்’ அமைப்பில் ஏற்கெனவே உறுப்பினராக இருப்பவர்களுக்கு முதல் ஆண்டில் பாதிக் கட்டணம், புதுப்பித்த பிறகு இலவசம். அட்டையை மறக்காமல் எடுத்துப் போங்கள்.

நவம்பர் முதல் பிப்ரவரி வரை மாலை 4 மணிக்கே மூடிவிடுவார்கள்; அதற்கு அரை மணி முன்பே உள்ளே விடுவது நின்றுவிடும். டிசம்பரில் அந்நேரத்துக்கு இருட்டியும் விடும். மே, ஜூன், செப்டம்பர் மாதங்கள்தான் வசதி: பொழுது நீளம், பள்ளி விடுமுறைக் கூட்டம் குறைவு. ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ்கள் வெகு குறைவு என்பதால் ஞாயிறைக் கான்விக்கு ஒதுக்குங்கள், அங்கே நடந்தே எல்லாம் பார்த்துவிடலாம். ஞாயிறன்று போமாரிஸ் போய், திரும்ப பஸ் இல்லாமல் டாக்சிக்குப் பணம் கொடுத்துத் திரும்புவது புதியவர்களுக்கு அடிக்கடி நடப்பது.

எங்கள் வரிசை இது: முதல் நாள் கான்வி. இரண்டாம் நாள் பாங்கர் வழியாகப் போமாரிஸ். மாலையில் கெயர்னார்வன் போய் அங்கே தங்குதல். மூன்றாம் நாள் காலை கெயர்னார்வன் கோட்டை. மதியம் போர்த்மாடாக் வழியாக ஹார்லெக். காலவரிசைப்படி பார்த்தால் போமாரிஸ் கடைசியில் வர வேண்டும். ஆனால் பஸ் இணைப்புகள் அப்படி அமையவில்லை. அதனால் பெரிய இழப்பு எதுவும் இல்லை.

முதல் நாள்: கான்வி

லண்டன் யூஸ்டனிலிருந்து ஹோலிஹெட் பக்கம் போகும் ரயிலில், நேராகவோ க்ரூ அல்லது செஸ்டரில் மாறியோ, லான்டட்னோ ஜங்ஷன் வந்து சேரலாம். சுமார் 3 முதல் 3½ மணி நேரம். கான்விக்கும் ஒரு ஸ்டேஷன் உண்டு, அதுவும் மதிலுக்கு உள்ளேயே. ஆனால் எல்லா ரயிலும் அங்கே நிற்காது. நிற்கும் ரயிலும் கேட்டால்தான் நிற்கும்: இறங்க வேண்டுமானால் ரயிலில் ஏறியவுடன் கண்டக்டரிடம் சொல்ல வேண்டும், அங்கிருந்து ஏற வேண்டுமானால் பிளாட்பாரத்தில் டிரைவர் கண்ணில் படும்படி நின்று கை காட்ட வேண்டும். பிளாட்பாரம் குட்டையானது, எல்லாப் பெட்டியின் கதவும் திறக்காது. எந்தப் பெட்டியில் இருக்க வேண்டும் என்பதையும் கண்டக்டரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

சுமை அதிகம் இல்லையென்றால் லான்டட்னோ ஜங்ஷனிலேயே இறங்கி நடப்பது மேல். அரை மணி நடை. ஆற்றின் குறுக்கே போகும் பாதையில் கோட்டை முழுசாக முன்னால் எழுந்து வரும். காலை வெயில் இந்தப் பக்கம் விழுவதால் படம் எடுக்கவும் இதுதான் இடம். நின்று கோபுரங்களை எண்ணுங்கள்: மொத்தம் எட்டு. அவற்றில் நான்கின் தலையில் மட்டும் ஒல்லியான குட்டிக் கோபுரம் ஒன்று நிற்கும். அந்த நான்குக்கு நடுவில்தான் அரசர் தங்கும் உள்முற்றம். பக்கத்தில் தொங்கும் இரும்புச் சங்கிலிப் பாலம் 1826-இல் தாமஸ் டெல்ஃபோர்ட் கட்டியது. குழாய்போல் இருக்கும் ரயில் பாலம் 1848-இல் ராபர்ட் ஸ்டீஃபன்சன் கட்டியது. இரண்டு பேருமே பாலத்தின் முனைகளைக் கோட்டைக்குப் பொருந்தும்படி கோபுரம் வைத்துக் கட்டினார்கள்.

ஊருக்குள் வந்ததும் நேரே டிக்கெட் கவுண்டருக்குப் போகாதீர்கள். முதலில் நகர மதில். கட்டணம் இல்லை. 1.3 கிலோமீட்டர் நீளம், 21 கோபுரங்கள், மூன்று பெரிய வாசல்கள். ஊரின் மேற்கு மேட்டில் உள்ள மேல்வாசல் பக்கத்தில் படியேறினால் ஊர், ஆறு, கோட்டை, மலை நான்கும் ஒரே பார்வையில் விழும். மதிலின் மேல் ஒரே சுற்றாக நடக்க முடியாது. இடையிடையே இறங்கித் தெருவழியாகப் போய் மறுபடி ஏற வேண்டும். ஒரு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள்.

மேலே நடக்கும்போது கோபுரங்களின் ஊர்ப்பக்கத்தைப் பாருங்கள். முதுகே இருக்காது, திறந்து கிடக்கும். காசு மிச்சம் பிடிப்பது ஒரு காரணம். இன்னொரு காரணம் போர்: எதிரி ஒரு கோபுரத்தைப் பிடித்துவிட்டாலும் உள்ளே ஒளிந்துகொள்ள அவனுக்கு மறைவு கிடைக்காது. மதிலின் நடைபாதை ஒவ்வொரு கோபுரத்திலும் அறுந்து, அந்த இடைவெளியைப் பலகை போட்டுக் கடந்தார்கள். பலகையை இழுத்துவிட்டால் அந்தத் துண்டு மதில் தனித்துவிடும்.

பிறகு தெற்குப் பக்கம், ஆலைவாசல் அருகே, மதிலுக்கு வெளியே போய் அண்ணாந்து பாருங்கள். சுவரின் உச்சியில் வரிசையாக 12 கல் பெட்டிகள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். 12-உம் கழிப்பறைகள். அரசரின் கணக்கு வழக்கைப் பார்த்த அலுவலர்கள் அந்தப் பக்கம் வேலை செய்தார்கள், அவர்களுக்காகக் கட்டியவை. 1280-களில் ஒரு நிர்வாகமே இந்த ஊரில் குடியேறியது என்பதை இதைவிடத் தெளிவாக எந்தத் தகவல் பலகையும் சொல்லாது. உள்ளே மதிலின் மேலேயே நடந்துவிட்டுப் போகிறவர்கள் இதைத் தவறவிடுகிறார்கள்.

இப்போது கோட்டை. இரண்டு மணி நேரம் வேண்டும். நீங்கள் ஏறிப் போகும் சாய்வுப்பாதை பிற்காலத்தது. பழைய காலத்தில் செங்குத்தான கல் ஏற்றமும், நடுவில் தூக்குப்பாலமும் இருந்தன. மேற்கு வாசலில் நின்று தலைக்கு மேலே பாருங்கள். கல் தாங்கிகள் வெளியே நீட்டி, அவற்றுக்கு நடுவே ஓட்டைகள் விட்டிருக்கும். கீழே நிற்பவன் தலையில் கல்லைப் போட அந்த ஓட்டைகள். பிரிட்டனில் கல்லால் கட்டி இன்றும் நிற்கும் இந்த வகை அமைப்புகளில் மிகப் பழையவற்றில் ஒன்று இது.

வாசலுக்குள் நடக்கும்போது கையைப் பக்கச் சுவரில் வைத்துத் தடவிக்கொண்டே போங்கள். மேலிருந்து கீழ்வரை நேராக ஒரு பள்ளம் தட்டுப்பட்டால், அங்கே மேலிருந்து இறங்கும் சட்டக் கதவு ஒன்று இருந்தது. சற்று உள்ளே, இடுப்பு உயரத்தில் சதுரமாக ஒரு துளை. கை முழுவதும் உள்ளே போகும். மரக்கதவுக்குப் பின்னால் குறுக்கே போடும் தாழ்க்கட்டையை இழுத்து மறைத்து வைக்கும் இடம் அது. கதவு எந்தப் பக்கம் திறந்தது, அதற்குப் பின்னால் யார் நின்றார்கள் என்பதெல்லாம் இந்த இரண்டு அடையாளத்திலேயே தெரிந்துவிடும். மற்ற மூன்று கோட்டைகளிலும் வாசலுக்கு வாசல் இதையே செய்யுங்கள்.

வெளிமுற்றத்தில் பெரிய மண்டபம் வளைந்து கிடக்கும். பாறையின் போக்கில் கட்டியதால் அந்த வளைவு. கூரையைத் தாங்கிய கல் வளைவுகளில் ஒன்று மட்டும் நிற்கிறது. உள்முற்றத்துக்குப் போகும் வழியில் 28 மீட்டர் ஆழக் கிணறு.

அடுத்து ஏதாவது ஒரு கோபுரத்தின் அடித்தளத்துக்குப் போய், நடுவில் நின்று மேலே பாருங்கள். இந்தப் பயணத்திலேயே முக்கியமான பயிற்சி இதுதான், ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள். சுவரில் ஒரே உயரத்தில் வரிசையாகச் சதுரத் துளைகள் தெரியும்: அங்கே உத்தரங்கள் செருகியிருந்தன, அதாவது அது ஒரு தளம். அதற்குச் சற்று மேலே அந்தரத்தில் ஒரு கணப்பு அடுப்பு தொங்கும்: அந்தத் தளத்து அறைக்குக் குளிர்காய. ஜன்னலின் இரு பக்கமும் கல் இருக்கை இருந்தால் அங்கே பெரிய மனிதர்கள் குடியிருந்தார்கள். அடுப்பே இல்லாத தளம் சாமான் வைக்க. சுவர் மூலையில் குறுகிய சந்து ஒன்று வளைந்து போனால் அது கழிப்பறை. மூன்று தளத்தையும் மனத்துக்குள் போட்டு முடித்துவிட்டீர்களானால், வெற்றுக் குழாயாகத் தெரிந்த கோபுரம் வீடாகிவிடும்.

வெளிச்சுவர்களில் இன்னொன்றும் தேடுங்கள்: சின்னச் சதுரத் துளைகள் சாய்வாக, கோபுரத்தைச் சுற்றி ஏறிப் போகும். கட்டும்போது சாரம் செருகிய துளைகள் அவை. மற்ற இடங்களில் சாரத்தைப் படுக்கை வசமாகத்தான் கட்டினார்கள். இங்கே சாய்வுப்பாதையாகச் சுற்றிக் கட்டியதால் கல்லை மேலே இழுத்துப் போக முடிந்தது. மாஸ்டர் ஜேம்ஸின் ஊரான சவோயிலிருந்து வந்த வழக்கம்.

உள்முற்றத்தில் அரச குடும்பத்தின் அறைகளையும், தேவாலயக் கோபுரத்தையும் பார்த்த பிறகு கிழக்குக் கோடிக்குப் போங்கள். அங்கே சிறு தோட்டவெளி, கீழே ஆறு. படகிலிருந்து இறங்கி ஊருக்குள் கால் வைக்காமலே அரசர் தன் அறைக்கு வர இந்தப் பக்கம் படிக்கட்டு இருந்தது. டெல்ஃபோர்டின் பாலம் வந்தபோது அது போய்விட்டது. நம் இரண்டாவது கேள்விக்குக் கான்வி தரும் விடை இதுதான்.

இவ்வளவு பலமான கோட்டை 1401-இல் ஒரு தச்சனால் விழுந்தது. இங்கிலாந்து ஆட்சியை எதிர்த்து எழுந்த வேல்ஸ் தலைவர் ஒவைன் கிளின்டூரின் கிளர்ச்சிக் காலம். புனித வெள்ளியன்று காவல் வீரர்கள் ஊர்த் தேவாலயத்துக்குப் போயிருந்த நேரத்தில், வேலைக்கு வந்த தச்சன்போல் ஒருவர் உள்ளே நுழைய, அவர் பின்னால், கிளின்டூர் பக்கம் நின்ற டூடர் சகோதரர்களின் ஆட்கள் புகுந்துவிட்டார்கள். எட்வர்ட் காலத்திலேயே இங்கே வழக்கமாக இருந்த காவல் படை 30 பேர்தான், அதில் 15 பேர் வில் வீரர்கள். இந்தக் கோட்டைகள் சில பேரை வைத்துப் பலரைத் தடுக்கக் கட்டியவை. அந்தச் சிலர் இல்லாத நேரத்தில் கல்லால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

நேரம் மிச்சமிருந்தால் அதே ஊரில் 1576-85-இல் கட்டிய ப்ளாஸ் மார் வீடு. கூரையோடும் சுண்ணச் சிற்ப வேலையோடும் முழுசாக நிற்கிறது. குளிர்காலத்தில் மூடிவிடுவார்கள். மதியச் சாப்பாட்டைப் படகுத்துறையில் உட்கார்ந்து சாப்பிடுகிறவர்கள் கடற்பறவைகளிடம் எச்சரிக்கையாக இருங்கள். கையிலிருப்பதைப் பின்னாலிருந்து வந்து பறித்துக்கொண்டு போய்விடும், குழந்தைகள் பயந்துவிடுகிறார்கள். சுவருக்கு முதுகு காட்டி உட்காருவது நல்லது.

படிகள், காற்று, பெரியவர்கள்

சுழல் படிக்கட்டில் படியின் அகலமான வெளிப்பக்கமாக ஏறுங்கள், இறங்குங்கள். உள்பக்கம் படி கூம்பிப்போய்ப் பாதி பாதம்கூட நிற்காது. மேலிருந்து யாராவது வந்தால் ஜன்னல் மாடத்திலோ வாசல் திட்டிலோ ஒதுங்கி நிற்கலாம், அதனால் ஏறும் முன் ஒரு குரல் கொடுப்பது வழக்கம். தேய்ந்த கல் மழையில் வழுக்கும். ரப்பர் அடிப்பாகத்தில் நல்ல பள்ளம் உள்ள ஷூ அவசியம். புடவையிலோ வேட்டியிலோ வருகிறவர்களுக்கு இந்தப் படிகள் உண்மையாகவே ஆபத்து. மேலே காற்றில் குடை நிற்காது. தொப்பி வைத்த மழைக்கோட்டு எடுத்து வாருங்கள். பலத்த காற்று அடிக்கும் நாட்களில் கோபுர உச்சிகளை மூடிவிடுவார்கள். டிக்கெட் வாங்கும் முன் கவுண்டரில் கேட்டுவிடுங்கள். கழிப்பறை எங்கே என்பதையும் அங்கேயே கேளுங்கள், மதில் நடையில் எதுவும் கிடையாது.

எட்டுக் கோபுரத்திலும் ஏறுகிறேன் என்று தொடங்குகிறவர்கள் மூன்றாவதில் களைத்து, வாசலையும் மண்டபத்தையும் பார்க்காமல் போய்விடுகிறார்கள். தரையில் பார்க்க வேண்டியதை முடித்துவிட்டு, கடைசியில் ஒரே ஒரு கோபுரம் ஏறுங்கள்.

வலப்பக்கம் சுழன்று ஏறும் படிகள் மேலிருந்து வாள் வீசுகிறவனுக்கு வசதியாகக் கட்டப்பட்டவை என்று பலரும் சொல்லக் கேட்பீர்கள். நம்ப வேண்டாம். இடப்பக்கம் சுழலும் படிகளும் இங்கிலாந்து, வேல்ஸ் கோட்டைகளில் நிறைய உண்டு. எந்தப் பக்கம் சுழல்கிறது என்று போகுமிடமெல்லாம் குழந்தைகளை எண்ணச் சொல்லுங்கள்.

முழங்கால் வலி உள்ளவர்களுக்கும் சக்கர நாற்காலியில் வருகிறவர்களுக்கும் கான்வி கடினம். போமாரிஸ் சமதளம். கெயர்னார்வனில் 2023 முதல் அரசர் வாசல் கோபுரத்தில் லிஃப்ட் வந்துவிட்டது, உச்சித் தளம்வரை போகலாம். ஹார்லெக்கில் 2015-இல் போட்ட நடைபாலம் ஊர்ப்பக்கமிருந்து வாசல்வரை கொண்டுவிடும். பெற்றோரை அழைத்து வருகிறவர்கள் நாளைக் குறைக்க நேர்ந்தால் கெயர்னார்வனை வைத்துக்கொண்டு கான்வியில் மதில் வாசலையும் படகுத்துறையையும் மட்டும் காட்டலாம்.

இரண்டாம் நாள்: போமாரிஸ்

கான்வியிலிருந்து பாங்கருக்கு ரயிலோ பஸ்ஸோ. பாங்கர் பஸ் நிலையத்திலிருந்து மெனாய் நீரிணையைக் கடந்து போமாரிஸ். திரும்பும் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று இறங்கும்போதே நிறுத்தத்து அட்டவணையைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

மற்றவற்றைப்போல இங்கே பாறை இல்லை, சதுப்புச் சமவெளி. ஆகவே மாஸ்டர் ஜேம்ஸுக்குப் பாறையின் தொல்லை இல்லாமல் தாளில் வரைந்தபடியே கட்ட முடிந்தது. அகழி, அதற்குள் தாழ்ந்த வெளிமதில், அதற்குள் உயர்ந்த உள்மதில். உள்ளே நிற்பவன் வெளிமதிலில் நிற்பவன் தலைக்கு மேலாக அம்பு விடலாம், இரண்டு வரிசையும் ஒரே நேரத்தில் சண்டையிடலாம். வெளிவாசலும் உள்வாசலும் நேர்க்கோட்டில் இல்லை என்பதைக் கவனியுங்கள். வெளிவாசலை உடைத்து வந்தவன் ஒதுங்கித் திரும்பித்தான் அடுத்த வாசலைக் காண வேண்டும். அந்தத் திருப்பத்தில் அவன் பக்கவாட்டு முழுவதும் அம்புக்குத் திறந்திருக்கும்.

கடல்வாசலுக்குப் பக்கத்தில் சின்னத் துறை இருக்கிறது. 1296 பிப்ரவரியில் மாஸ்டர் ஜேம்ஸ் அரசரின் கருவூலத்துக்கு எழுதிய கடிதம் இன்றும் இருக்கிறது. 40 டன் கப்பல் சரக்கோடு வாசல்வரை வரலாம் என்கிறார். கூடவே 400 கொத்தனார்கள், 2,000 எடுபிடி ஆட்கள், 200 கல்லுடைப்பவர்கள், 30 கொல்லர்கள் வேலையில் இருப்பதாகக் கணக்குக் கொடுத்து, சம்பளப் பணம் சீக்கிரம் வராவிட்டால் ஆட்கள் நிற்கமாட்டார்கள் என்று கெஞ்சுகிறார். பணம் போதுமான அளவு வரவேயில்லை. அரசரின் கவனம் ஸ்காட்லாந்துப் போருக்குத் திரும்பியது. உள்கோபுரங்கள் எதுவும் திட்டமிட்ட உயரத்தை எட்டவில்லை. 1330 வாக்கில் வேலை நின்றுபோனது. கோட்டை குட்டையாக, தட்டையாகத் தெரிவதன் காரணம் அதுதான். உள்மதிலின் தடிப்புக்குள்ளேயே ஓடும் நடைவழிகளைத் தவறவிடாதீர்கள். வெளிச்சம் குறைவு, போனில் டார்ச் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றரை மணி நேரம் போதும்.

மூன்றாம் நாள் காலை: கெயர்னார்வன்

டிக்கெட் எடுக்கும் முன் கோட்டைக்கு வெளியே செயோன்ட் ஆற்றைக் கடக்கும் நடைபாலத்தில் ஏறி அக்கரைக்குப் போங்கள். படகுகளுக்காகப் பாலம் சில நேரம் திறக்கும், கொஞ்சம் காத்திருக்க நேரலாம். அங்கிருந்து பார்த்தால் கான்விக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு பளிச்சென்று தெரியும். கோபுரங்கள் வட்டமாக இல்லை, பல முகம் கொண்டவை. வெளிர் கல்லுக்கு நடுவே கருங்கோடுகளாக வேறு நிறக் கல் பட்டை ஓடுகிறது. கிழக்கு ரோமப் பேரரசின் தலைநகரான கான்ஸ்டான்டினோபிளின் நகர மதிலை நினைவூட்டவே இப்படிச் செய்தார்கள் என்பது வரலாற்றாசிரியர்கள் பலரின் கருத்து. பக்கத்திலேயே செகோன்டியம் என்ற ரோமானியக் கோட்டை இருந்த ஊர் இது. பேரரசின் வாரிசாகத் தன்னைக் காட்டிக்கொள்ள எட்வர்டுக்கு ஏற்ற இடம்.

அரசர் வாசலில் ஐந்து கதவும் ஆறு சட்டக் கதவுமாகத் திட்டமிட்டார்கள். பள்ளங்களை எண்ணிக்கொண்டே உள்ளே போங்கள். உள்பக்கம் திரும்பி நின்றால் சுவரில் கற்கள் பல்போல நீட்டிக்கொண்டிருக்கும். அடுத்த சுவரைப் பிணைக்க விட்டவை, அந்தச் சுவர் வரவேயில்லை. அரசி வாசல் இன்னும் விசித்திரம்: தெருவிலிருந்து பல மீட்டர் உயரத்தில் அந்தரத்தில் திறக்கிறது. ஏறி வர வேண்டிய கல் ஏற்றத்தைக் கட்டவே இல்லை.

நகரப் பக்கத்து மதிலில் அம்புத் துளைகளை உள்ளிருந்து பாருங்கள். வெளியே ஒரே ஒரு பிளவு. உள்ளே அதற்கு மூன்று மாடம். மூன்று வில் வீரர்கள் மூன்று கோணத்தில் ஒரே பிளவு வழியாக அம்பு விட்டார்கள். 1294 கிளர்ச்சியில் மாடாக்கின் ஆட்கள் ஊர் மதிலை உடைத்துப் புகுந்து கோட்டையைத் தீயிட்டது இந்தப் பக்கமாகத்தான். அதன் பிறகு எழுந்த சுவர் என்பதால் இத்தனை கவனம்.

மேற்குக் கோடியில் கழுகுக் கோபுரம், உச்சியில் மூன்று சிறு கோபுரங்கள். பிற்காலத்தில் இரண்டாம் எட்வர்டான குழந்தை இந்தக் கோபுரத்தில் பிறந்தது என்று சொல்வார்கள். அவர் பிறந்தது 1284 ஏப்ரலில்; அப்போது இந்தக் கோபுரம் எழுந்திருக்கவே இல்லை. இந்த ஊரில் பிறந்தார் என்பது மட்டும் சரி. கோபுரத்தின் அடியில் படகிலிருந்து ஏறி வரும் வாசல் உண்டு, இந்தக் கோட்டையின் கடல்வழி அது. 1911-இலும் 1969-இலும் வேல்ஸ் இளவரசர் பட்டமேற்பு நடந்ததும் இதே முற்றத்தில். தெற்கு மதிலுக்குள் அடுக்கடுக்காக ஓடும் நடைவழிகளில் குழந்தைகள் அலுக்காமல் சுற்றுவார்கள். இரண்டு மணி நேரம்.

மதியம்: ஹார்லெக்

கெயர்னார்வனிலிருந்து போர்த்மாடாக்குக்கு பஸ். மலைக்குள் வளைந்து போகும் வெல்ஷ் ஹைலேண்ட் நீராவி ரயிலும் உண்டு. ஆனால் அது பல மடங்கு நேரமும் பணமும் எடுக்கும், ஹார்லெக்கை அவசரமாக்கிவிடும். போர்த்மாடாக்கில் கேம்ப்ரியன் கரையோர ரயிலில் மாறினால் அரை மணிக்குள் ஹார்லெக். ரயில்கள் ஏறக்குறைய இரண்டு மணிக்கு ஒன்றுதான். அந்த ஒன்றைத் தவறவிட்டால் அன்றைய திட்டம் கலைந்துவிடும், ஆகவே பஸ் நேரத்தை ரயிலை வைத்துக் கணக்கிடுங்கள்.

ஸ்டேஷன் பாறையின் அடியில், கோட்டை நேர் தலைக்கு மேலே. ஊருக்குப் போகும் தெரு மிகச் செங்குத்து. பெட்டி இழுத்துக்கொண்டு ஏறுவது பெரும்பாடு. இந்த நாளுக்கு முதுகுப் பைதான் சரி.

கோட்டை சிறியது, முழுக்க வாசல் கோபுரத்தை மையமாக வைத்தது. பாதுகாப்பின் உச்சியும் அதிகாரியின் வீடும் ஒன்றே. உள்முற்றத்தில் நின்று அதன் பின்பக்கத்தைப் பாருங்கள்: பெரிய ஜன்னல்கள். வெளியே நோக்கிய முகத்தில் அம்புத் துளைதான் இருக்கும். 1294-95 குளிர்காலத்தில் 37 பேர் இதைக் காத்து நின்றார்கள், அயர்லாந்திலிருந்து கப்பலில் வந்த உணவை நம்பி. அந்த உணவு வந்த வழி பாறையின் மேற்குப் பக்கம் இறங்கும் 108 படிகள். மேலே நின்று கீழே பார்த்தால் குழப்பமாக இருக்கும், ஏனென்றால் கடல் அங்கே இல்லை; மணல் மேடும் வயலும்தான். 700 ஆண்டில் கடல் பின்வாங்கிவிட்டது. கட்டியபோது அலை பாறையடிக்கே வந்தது என்பதை மனத்தில் வைத்துக்கொண்டால்தான் இந்த இடத்தைத் தேர்ந்தெடுத்த காரணம் விளங்கும். 1404-இல் ஒவைன் கிளின்டூர் பிடித்த இந்தக் கோட்டை 1409 வரை அவர் தரப்பின் கையில் இருந்தது. அரசருக்கும் நாடாளுமன்றத்துக்கும் நடந்த உள்நாட்டுப் போரில், 1647 மார்ச்சில் அரசர் தரப்பிலிருந்து கடைசியாகச் சரணடைந்த கோட்டையும் இதுவே.

ஒன்றரை மணி நேரத்தில் பார்த்து முடிக்கலாம். கிளம்பும்போது வந்த வழியே திரும்ப வேண்டியதில்லை: அதே கரையோர ரயில் தெற்கே மகன்லெத், ஷ்ரூஸ்பரி வழியாக பர்மிங்காம் போகிறது, நான்கு மணி நேரத்துக்கு மேல் ஆகும். கடைசி நேரடி ரயில் எது என்பதைக் காலையிலேயே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். குடிக்கத் தண்ணீரும் சாப்பாடும் மேலே ஊரில் வாங்கிக்கொண்டு இறங்குங்கள். ஸ்டேஷனில் கடை கிடையாது.